தில்லியைச் சுற்றும் சரக்கு: துக்ளகாபாத் முதல் தாத்ரி வரை

திங்கள்: துக்ளகாபாத்

தெற்கிலிருந்து தில்லி வரும் ரயில் ஃபரீதாபாத்தைத் தாண்டியதும் ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுங்கள். தண்டவாளங்கள் இரண்டு நான்காகி, நான்கு எட்டாகி விரிந்துகொண்டே போகும். லோகோ ஷெட்டுகள், சரக்கு யார்டு, அப்பால் நான்கைந்து அடுக்காக நிற்கும் கன்டெய்னர்கள். நிஜாமுதீனில் இறங்கும் அவசரத்தில் பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டிருப்பவர்கள் கவனிக்காமல் விடும் இந்தத் துக்ளகாபாத்தான் நாட்டின் மிகப் பெரிய உள்நாட்டு கன்டெய்னர் டிப்போ. முன்பு இந்த வேலை நகரின் நடுவில் பிரகதி மைதானத்தில் நடந்தது. 1988-இல் கன்டெய்னர் கார்ப்பரேஷன் (கான்கார்) தொடங்கப்பட்டது. 1993-இல் டிப்போ இங்கே வந்தது.

இறக்குமதிப் பெட்டி ஒன்று இங்கு வந்து சேரும் வழியைத் தெரிந்துகொண்டால் மற்ற நிலையங்களையும் புரிந்துகொள்ளலாம். கப்பல் மேற்குக் கரைத் துறைமுகங்களான முந்த்ராவிலோ நவசேவாவிலோ கரை தொடும் முன்பே காகித வேலை ஆரம்பித்துவிடும். கப்பல் நிறுவனம் சுங்கத்துறைக்குக் கொடுக்கும் சரக்குப் பட்டியலில் (ஐ.ஜி.எம்.) பெட்டி போய்ச் சேரும் இடம் துக்ளகாபாத் என்று இருக்க வேண்டும். அதை வைத்துத்தான் எஸ்.எம்.டி.பி. என்னும் அனுமதி கிடைக்கும். சுங்கம் கட்டாத சரக்கை, சீல் உடைக்காமல், உள்நாட்டு டிப்போவுக்குக் கொண்டுபோக உரிமை தருவது இந்தத் தாள். இது இல்லாத பெட்டி ரயில் ஏறாது. பட்டியலில் சேருமிடம் துறைமுகம் என்று தவறி விழுந்திருந்தால் திருத்தம் போட்டு வாங்கும்வரை பெட்டி துறைமுகத்திலேயே கிடக்கும். வாடகை அங்கேதான் ஏறும்; ரயிலில் மிச்சம் பிடித்த காசு அதோடு சரி.

டிப்போவில் இறங்கியதும் முதலில் பார்ப்பது சீல் எண்ணை. தாளில் இருக்கும் எண்ணும் கதவில் தொங்கும் எண்ணும் ஒன்றாக இருந்தால் நகரலாம். இல்லையென்றால் பெட்டி தனியே ஒதுக்கப்பட்டு, சுங்க அதிகாரி முன்னிலையில் திறந்து எண்ணப்படும். சுங்கத்துக்குக் கொடுக்கும் இறக்குமதி விவரத் தாளான பில் ஆஃப் என்ட்ரியைப் பெட்டி வரும் முன்பே இணையத்தில் தாக்கல் செய்துவிடலாம். செய்து வைப்பவர்களுக்குத்தான் இந்த டிப்போ வேகமாகத் தெரியும். வரி கட்டி, சோதனை இருந்தால் முடித்து, சுங்கம் விடுவித்த பிறகு, பெட்டியைக் கொடுக்கலாம் என்று கப்பல் நிறுவனம் தரும் டெலிவரி ஆர்டர், டிப்போ கட்டணம், கேட் பாஸ் என்று வரிசையாகப் போகும். பெரும்பாலான தாமதம் டெலிவரி ஆர்டரில்தான். காலிப் பெட்டியை எங்கே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதும் அதில்தான் இருக்கும். அதைப் படிக்காமல் லாரியை அனுப்பினால் காலிப் பெட்டியோடு நகரைச் சுற்ற வேண்டியதுதான்.

பெட்டி எண்ணில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் கட்டத்துக்குள் ஒரு இலக்கம். முன்னே இருக்கும் எழுத்துகளையும் இலக்கங்களையும் ஒரு கணக்கில் போட்டால் இந்தக் கடைசி இலக்கம் வர வேண்டும். ஒரு எண்ணை மாற்றி அடித்தால் கணினி அப்போதே பிடித்துக்கொள்ளும். கையால் எழுதும் தாள்களில் இந்தக் கட்ட இலக்கத்தை விட்டுவிடும் பழக்கம் இன்னும் பலரிடம் இருக்கிறது, விடவே கூடாது.

இனி வேகன். கன்டெய்னர் ஏற்றும் வேகனுக்குப் பெயர் பி.எல்.சி. ஐந்து ஐந்தாகப் பிணைத்த தொகுதி. இரு முனையிலும் ஏ வகை, நடுவில் மூன்று பி வகை. தொகுதிக்குள்ளே ஆட்டம் இல்லாத இணைப்புத் தண்டு, வெளி முனைகளில் மட்டும் வழக்கமான கப்ளர். ஒன்பது தொகுதி சேர்ந்தால் 45 வேகன், அதுதான் ஒரு ரேக். இருபது அடிப் பெட்டிக் கணக்கில் 90. ஒரு வேகன் 61 டன் தாங்கும். இருபது அடிப் பெட்டி ஒன்றின் உச்ச எடை 30.48 டன், இரண்டு சேர்ந்தால் 60.96. அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருக்கிறது. ஆனால் பெட்டிக்குள் அரை டன் கூடுதலாகத் திணித்து, தாளில் குறைத்துக் காட்டினால் அந்த நாற்பது கிலோ இடைவெளி எதற்கும் போதாது. வழியில் எடைமேடை பிடித்துவிடும். அபராதம் ஒரு பக்கம், எடை குறைக்கும் வரை அந்த வேகன் நிற்பது மறு பக்கம்.

பெட்டியின் நான்கு கீழ் மூலைகளிலும் ஓட்டை இருக்கும். வேகனில் நிற்கும் தானியங்கிப் பூட்டு அந்த ஓட்டைக்குள் நுழைந்து பிடித்துக்கொள்ளும். நேர் மேலே குறிப்பிட்ட விசையில் இழுத்தால் விட்டுவிடும். துருவோ மண்ணோ ஏறியிருந்தால் ஒரு மூலை விடாது. அப்போது பெட்டி தூக்கும் வண்டியான ரீச் ஸ்டாக்கர் பெட்டியோடு வேகனையும் சேர்த்துத் தூக்கும், சக்கரம் தண்டவாளத்தை விட்டு எழும்பும். கீழே இறங்கும்போது சக்கரத்தின் விளிம்பு (ஃபிளாஞ்ச்) தண்டவாளத்தின் மேல் உட்கார்ந்தால் அந்த வேகன் தடம் புரண்டதாகக் கணக்கு. லைன் முழுக்க நின்றுவிடும். அதனால் நல்ல ஆபரேட்டர் ஓரிரு அங்குலம் தூக்கி நிறுத்தி, கீழே நிற்பவர் நான்கு மூலையையும் பார்த்துக் கை காட்டிய பிறகுதான் முழுவதும் தூக்குவார். ஐந்து நொடி வேலை.

ஏற்றி இறக்கும் லைன்களுக்கு மேலே மின்கம்பி கிடையாது, இருக்கவும் முடியாது. மேலிருந்து பெட்டியைத் தூக்கும் இடத்தில் 25,000 வோல்ட் கம்பி எப்படி ஓடும்? அதனால் மின்சார இன்ஜின் கம்பி முடியும் இடம்வரைதான் வரும். அதன்பின் டீசல் இன்ஜின் ரேக்கை உள்ளே தள்ளும். ஏற்றி முடித்து வெளியே இழுத்ததும் பிரேக் சோதனை. இன்ஜின் பக்கம் பிரேக் பைப்பில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தம் இருந்தால், கடைசி வாகனத்தில் குறைந்தது 4.8 வர வேண்டும். 56 வேகனுக்கு மேற்பட்ட ரயிலில் 4.7. வராவிட்டால் எங்கோ ஹோஸ் கசிகிறது. ஆள் நடந்து நடந்து காதால் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்த வாரம் முழுக்க இரண்டு விஷயங்களைத் தொடர்ந்து பார்க்கப் போகிறோம். தலைநகரைச் சுற்றி எந்தச் சரக்கு எங்கே இறங்குகிறது என்பதைத் தீர்மானிப்பவை அவைதான்: தண்டவாளத்துக்கு மேலே மின்கம்பி எவ்வளவு உயரத்தில் ஓடுகிறது, கேட்டுக்கு வெளியே லாரி எந்த மணிக்கு நகரலாம். துக்ளகாபாத்தில் இரண்டுமே இடிக்கிறது. கம்பி சாதாரண உயரம். பெட்டி மேல் பெட்டி ஏற்றிய அடுக்குக் கன்டெய்னர் ரயில் இங்கே வர முடியாது. சுற்றிலும் நகரம், பகலில் கனரக லாரிகளுக்குச் சாலை கிடைக்காது.

செவ்வாய்: ரிங் ரயில், படேல் நகர், ஷகூர்பஸ்தி

தில்லி ரிங் ரயில் சுமார் 35 கிலோமீட்டர். பழைய தில்லி, புது தில்லி நிலையங்களைத் தொடாமல் சரக்கு ரயில்களைச் சுற்றி அனுப்ப 1975-இல் போட்ட பாதை. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகத்தான் பயணிகள் நிலையங்களை மேம்படுத்தினார்கள். லஜ்பத் நகர், சரோஜினி நகர், சஃப்தர்ஜங், பிரார் ஸ்கொயர், கீர்த்தி நகர் என்று போகும் லோக்கல் வண்டியில் கூட்டம் குறைவு. சரக்கு ரயில் பார்க்க வருபவர்களுக்கு இதைவிட நல்ல இடம் நகருக்குள் இல்லை. பிளாட்ஃபாரத்திலிருந்தே எல்லாம் தெரியும். தண்டவாளத்தில் இறங்கி நடப்பது ரயில்வே சட்டம் 147-ஆம் பிரிவின்படி குற்றம். நடைமேம்பாலமே போதும்.

படேல் நகர் பார்சல் ரயில்களின் இடம். ராயபுரத்திலிருந்து படேல் நகருக்குப் பார்சல் எக்ஸ்பிரஸ் விட்டிருக்கிறார்கள் என்பதால் சென்னை வியாபாரிகளுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. பார்சல் அனுப்ப மூன்று வழி. பயணிகள் ரயிலின் முன்னும் பின்னும் இருக்கும் எஸ்.எல்.ஆர். பெட்டியில் ஒரு பக்கத்துக்கு 4 டன். முழுப் பார்சல் வேனாக (வி.பி.) எடுத்தால் 23 டன். முழு ரயிலாகவும் குத்தகைக்கு எடுக்கலாம். கட்டணத்திலும் வகை உண்டு: ராஜதானி வகை ரயில்களுக்கு ஆர், வேகமான ரயில்களுக்கு பி, மற்றவைக்கு எஸ். ஒரே மூட்டைக்கு ரயிலைப் பொறுத்து விலை மாறும். கேட்டுத் தெரிந்துகொண்டு புக் பண்ணுங்கள்.

பார்சலில் நடக்கும் தவறுகள் பெரும்பாலும் கட்டுவதில்தான். மேலே ஒட்டிய லேபிள் மட்டும் இருந்தால், அது உரிந்ததும் மூட்டை அநாதை. உள்ளே ஒரு தாளில் அனுப்புநர், பெறுநர், சேருமிடம் எழுதிப் போட்டுவிடுங்கள். இருசக்கர வாகனமாக இருந்தால் பெட்ரோலைச் சொட்டு விடாமல் எடுத்துவிட்டுத்தான் கொண்டுபோக வேண்டும். ஹெட்லைட், ஹேண்டில், பெட்ரோல் டேங்க் மூன்றுக்கும் கோணியும் வைக்கோலும் தனித்தனியாகக் கட்ட வேண்டும்.

நிஜாமுதீனுக்கு ஆந்திரத்து ரேணிகுண்டாவிலிருந்து பால் வருவது இந்தப் பார்சல் உலகின் நல்ல செய்தி. 2020 மார்ச் 26 முதல் 'தூத் துரந்தோ' என்ற பெயரில் தனி ரயிலாகவே விட்டார்கள். டேங்கர் ஒன்றுக்கு 40,000 லிட்டர். ஆறு டேங்கர் சேர்ந்தால் 2,40,000 லிட்டர். ரயிலில் பால் கெடாமல் வருவது குளிர்சாதனத்தால் அல்ல. குளிரவைத்து ஏற்றிய பாலின் குளிரைக் காப்புறை போட்ட டேங்கர் பிடித்துவைத்துக்கொள்கிறது. ஆகவே நேரம்தான் எல்லாம். வழியில் ஆறு மணி நேரம் நிறுத்தினால் அந்தக் கணக்கு குலைந்துவிடும்.

அங்கிருந்து ஷகூர்பஸ்தி. சிமென்ட் இறங்கும் இடம், காற்றிலேயே தெரியும். மூடிய வேகனுக்கு பி.சி.என்.ஹெச்.எல். என்று பெயர். 58 வேகன் ஒரு ரேக். வேகனுக்கு 70 டன் என்று வைத்தால் 50 கிலோ மூட்டை 1,400. ரேக்குக்கு 81,200 மூட்டை. இத்தனையும் பல்லேதார்கள் என்று அழைக்கப்படும் சுமைத் தொழிலாளர்களின் முதுகில்தான் இறங்குகின்றன. ஒரு மூட்டை விடாமல் மனிதர்கள் தொட்டு நகர்த்துவது. முகத்தில் கட்டிய துண்டு ஒன்றுதான் பெரும்பாலானோருக்குக் காப்பு. இந்த வேலைக்குத் தரமான முகக்கவசமும் கண்ணாடியும் கட்டாயமாகக் கொடுக்கப்பட வேண்டும்.

ரேக் வந்து நின்று, இறக்கத் தயார் என்று நேரம் குறித்த நிமிடத்திலிருந்து இலவச நேரம் ஓடும். அதற்குள் கடைசி மூட்டை இறங்கியாக வேண்டும். இல்லையென்றால் டெமரேஜ், வேகன் கணக்கில், மணிக் கணக்கில். ஒரு மணி நேரத்தில் ஐந்து நிமிடம் தாண்டினாலும் முழு மணி. இறக்கிய மூட்டை பிளாட்ஃபாரத்தில் கிடந்தால் அது வேறு: வார்ஃபேஜ். இரண்டும் இரண்டு பில்.

இந்த இடத்தில்தான் கடிகாரம் கழுத்தைப் பிடிக்கிறது. ரேக் காலை ஆறு மணிக்கு நிற்கிறது என்று வையுங்கள். இறக்கும் நேரம் பிற்பகலோடு முடிகிறது. நகரச் சாலையில் கனரக லாரிக்கு அனுமதி இரவில்தான். லாரிக்கு 20 டன் என்றால் 4,060 டன்னுக்கு 203 லாரி. ஷெட்டுக்குள் அத்தனை லாரி நிற்க இடம் கிடையாது. எனவே மூட்டையைப் பிளாட்ஃபாரத்தில் அடுக்கி, இரவில் மறுபடியும் தூக்க வேண்டும். ஒரே மூட்டைக்கு இரண்டு கூலி. நடுவே மழை வந்தால் அடி வரிசை சிமென்ட் கல்லாகிவிடும். விவரம் தெரிந்த வியாபாரிகள் மாலையில் நிற்கும் ரேக்கைத்தான் விரும்புவார்கள். ஆனால் ரேக் எப்போது நிற்கும் என்பது ரயில்வே கன்ட்ரோல் கையில். பனிக்காலத்தில் காற்று மாசு கடுமையாகும்போது தில்லி வட்டார மாசுத் தடுப்புத் திட்டத்தின் நான்காம் கட்டக் கட்டுப்பாடு வந்துவிட்டால் இன்னும் மோசம். அத்தியாவசியப் பொருள் ஏற்றாத பழைய டீசல் லாரிகள் தில்லி எல்லைக்குள்ளேயே வர முடியாது. சி.என்.ஜி., எல்.என்.ஜி., மின்சார, பி.எஸ். ஆறு (புகை அளவு விதியின் ஆறாம் நிலை) வண்டி வைத்திருப்பவர்கள் மட்டும் தப்புவார்கள். நவம்பர், டிசம்பரில் சரக்கு வாங்குபவர்கள் முதலில் லாரிக்காரரிடம் வண்டி எந்த பி.எஸ். என்று கேட்க வேண்டும்.

இதே வேகனில் தானியம் ஏற்றுவதாக இருந்தால் ஒரு சோதனை உண்டு. ஆள் உள்ளே போய் நிற்க, கதவை முழுக்கச் சாத்துவார்கள். கூரையிலோ ஓரத்திலோ வெளிச்சப் புள்ளி தெரிந்தால் அங்கே தண்ணீர் வரும். கதவு இடுக்குகளில் கோணி அடைத்த பிறகுதான் ஏற்றம்.

புதன்: கர்ஹி ஹர்சரு, பாட்லி, ஃபரூக்நகர்

தில்லியிலிருந்து ரேவாரி போகும் பாதையில் குருகிராம், பசாய் தன்கோட் தாண்டினால் கர்ஹி ஹர்சரு, அடுத்தது பாட்லி. இரண்டிலும் தனியார் கன்டெய்னர் டிப்போக்கள். 2006-இல் கன்டெய்னர் ரயில் ஓட்டத் தனியாருக்கு அனுமதி கொடுக்கும் கொள்கை வந்த பிறகு வளர்ந்தவை. இவை ஏன் இங்கே இருக்கின்றன? மேற்குத் துறைமுகங்களின் பக்கம் பார்த்து நிற்கின்றன. மானேசர் ஆலைகள் பக்கத்தில். 135 கிலோமீட்டர் மேற்குப் புறவழி விரைவுச்சாலை கைக்கெட்டும் தூரத்தில். அந்தச் சாலை 2018 நவம்பரில் முழுமையாகத் திறந்ததிலிருந்து லாரி தில்லிக்குள் நுழையாமலேயே சோனிபட் பக்கமோ பல்வல் பக்கமோ போய்விடலாம். துக்ளகாபாத்தில் இரவுக்குக் காத்திருக்கும் லாரிக்கும் இங்கே பகலில் கிளம்பும் லாரிக்கும் ஒரு நாள் வித்தியாசம். டிப்போவைத் தேர்ந்தெடுக்கும்போது ரயில் கட்டணத்தை மட்டும் ஒப்பிடுபவர்கள் இந்த ஒரு நாளை விட்டுவிடுகிறார்கள்.

கர்ஹி ஹர்சருவிலிருந்து பிரியும் சின்னக் கிளைப்பாதையின் முடிவில் ஃபரூக்நகர். கார் ஏற்றும் இடம். பழைய முறை என்.எம்.ஜி.: ஓய்வுபெற்ற பயணிகள் பெட்டிகளின் ஜன்னலை அடைத்து, முனையில் கதவு வைத்தவை. 25 பெட்டி, ஒன்றுக்கு ஐந்து கார், மொத்தம் 125. புதிய இரண்டடுக்கு வேகன்கள் 27 கொண்ட ரேக்கில் 300-க்கு மேல் போகும். 2010-இல் வந்த கொள்கைப்படி கார் நிறுவனங்களும் சொந்தமாக இந்த வேகன்களை வாங்கி ஓட்டலாம்.

ஏற்றும் முறை எளிதாகத் தோன்றும், எளிதல்ல. ரயிலின் ஒரு முனையில் சாய்தளம். டிரைவர் காரை அதன் வழியே உள்ளே ஓட்டி, பெட்டிக்குப் பெட்டி இடைவெளியில் போட்டிருக்கும் பாலத் தகடுகளைத் தாண்டி, மறு கோடி வரை போக வேண்டும். பக்கவாட்டுக் கண்ணாடிகளை மடக்கியிருக்க வேண்டும். இருபுறமும் ஒரு கை இடம்தான். நிறுத்தியதும் கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, பெல்ட்டால் இறுக்க வேண்டும். டயருக்கு மேலே பெல்ட் போட வேண்டும்; பாடியில் கொக்கி மாட்டினால் வழியில் சஸ்பென்ஷன் ஆடி ஆடி பெல்ட் தளர்ந்துவிடும். கடைசியில் ஏற்றியது முதலில் இறங்கும் என்பதால், சேருமிடத்தில் ரேக் எந்த முகமாக நிற்கும் என்று முன்பே கேட்டு வைக்க வேண்டும். வழியில் இன்ஜின் மாறி ரேக் திரும்பிப் போயிருந்தால், காரைப் பின்பக்கமாகவே மொத்த நீளத்துக்கும் ஓட்டி இறக்க நேரும். நடுவில் ஒரு கார் பேட்டரி செத்துக் கிடந்தால் அதற்குப் பின்னால் நிற்பவை எல்லாம் அப்படியே. அதனால் இறக்கும் குழுவிடம் தூக்கிப் போகும் பூஸ்டர் பேட்டரி எப்போதும் இருக்க வேண்டும்.

2025 ஜூனில் மானேசர் கார் ஆலைக்குள்ளேயே சைடிங் (ஆலைக்கான தனித் தடம்) திறந்தது. பாட்லி வரை போடப்பட்ட இணைப்பு ஹரியானா ஆர்பிட்டல் ரயில் பாதையின் ஒரு துண்டு. பல்வலிலிருந்து சோனிபட் அருகே ஹர்சானா கலான் வரை, 121.7 கிலோமீட்டர், 2020-இல் ஒப்புதல் பெற்ற திட்டம். முழுதும் முடிந்தால் தெற்கிலிருந்து பஞ்சாப் போகும் சரக்கு ரயில் தில்லியைத் தொடவே வேண்டாம். 1975-இல் ரிங் ரயில் செய்த வேலையை ஐம்பது ஆண்டு கழித்து இன்னும் பெரிய வட்டத்தில் செய்யப் போகிறது.

வியாழன்: ரேவாரி

இன்று கம்பியின் உயரம்தான் பேச்சு.

பி.எல்.சி. வேகனின் தளம் தண்டவாளத்திலிருந்து 1.009 மீட்டர். உயரமான ரகப் பெட்டியின் (ஹை கியூப்) உயரம் 2.896 மீட்டர். இரண்டை அடுக்கினால் மொத்தம் 6.80 மீட்டர். சாதாரண ரயில் பாதையில் மின்கம்பி 5.5 முதல் 5.8 மீட்டர் உயரத்தில் ஓடும். கணக்கு அங்கேயே முடிந்தது. அதனால் 2006-இல் பிபாவாவ் துறைமுகத்துக்கும் ஜெய்ப்பூர் கனக்புராவுக்கும் இடையில் முதல் அடுக்குக் கன்டெய்னர் ரயில் ஓடியபோது கம்பியே இல்லாத பாதையில் டீசல் இன்ஜினோடுதான் ஓடியது. பிறகு கம்பியை உயர்த்தினார்கள். 2020 ஜூனில் பாலன்பூர்–போட்டாத் இடையே 7.57 மீட்டர் உயரக் கம்பியின்கீழ் மின்சார இன்ஜின் அடுக்கு ரயிலை இழுத்தது. சரக்கு ரயில்களுக்கென்றே போட்ட மேற்குத் தனி சரக்குப் பாதை முழுவதும் இந்த உயரக் கம்பிதான். கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும், இன்ஜின் கூரையின் பேன்டோகிராஃப் சாதாரணத்தைவிட நெட்டையாக நீளும். தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும்.

ரேவாரி தில்லியிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். பழைய ஜங்ஷன் ஒன்று, சரக்குப் பாதையின் 'நியூ ரேவாரி' தனியே ஒன்று. 2021 ஜனவரி 7 அன்று நியூ ரேவாரி–நியூ மதார் இடையே 306 கிலோமீட்டர் திறந்தபோது நியூ அடேலியிலிருந்து நியூ கிஷன்கட்டுக்கு ஒன்றரை கிலோமீட்டர் நீள அடுக்குக் கன்டெய்னர் ரயிலை மின்சாரத்தில் ஓட்டிக் காட்டினார்கள். இழுப்பது பெரும்பாலும் டபிள்யூ.ஏ.ஜி. 12: மாதேபுராவில் தயாராகும் 12,000 குதிரைத்திறன் இரட்டை இன்ஜின். இந்தப் பாதையில் உச்ச வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர். சாதாரணப் பாதையில் சரக்கு ரயிலுக்கு 75 என்பதே வழக்கம். அதைவிட முக்கியமானது, இங்கே எக்ஸ்பிரஸுக்கு வழிவிட லூப்பில் (பக்கத் தடத்தில்) ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. பழைய பாதையில் சரக்கு ரயிலின் நாளில் பாதி ஒதுங்கி நிற்பதில் போகும். ஓட்டுநரின் தொடர் பணி 9 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பது பொதுவிதி. ஒதுங்கி நின்றே அந்த நேரம் தீர்ந்தால் மாற்று ஆள் வரும்வரை ரயில் அங்கேயே.

அடுக்கும் முறைக்கு ஒழுங்கு உண்டு. கனமான பெட்டி கீழே, இலகுவானது மேலே; மாற்றவே கூடாது. மேலே கனம் போனால் வளைவில் ஆட்டம் கூடும். கீழே இரண்டு இருபது அடி, மேலே ஒரு நாற்பது அடி என்பது வழக்கமான சேர்க்கை. நடுவே நான்கு மூலையிலும் கையால் பொருத்தும் இடைப்பூட்டு. ஆள் ஏறிப் பொருத்தி, கைப்பிடி பூட்டிய பக்கம் திரும்பியிருக்கிறதா என்று கீழே இறங்கி மறுபடியும் பார்க்க வேண்டும். எல்லாக் கைப்பிடியும் ஒரே பக்கம் திரும்பும் ரகமாக வைத்துக்கொள்வது அவசியம். இரண்டு ரகம் கலந்துவிட்டால் கீழிருந்து பார்ப்பவருக்கு எது பூட்டியது எது திறந்தது என்று தெரியாது.

ரேவாரிக்கு அருகே ராஜஸ்தான் எல்லையில் கான்காரின் கதுவாஸ் முனையம். முந்த்ரா, பிபாவாவ் பக்கமிருந்து அடுக்காக வரும் பெட்டிகளை இங்கே இறக்கி, ஒற்றை அடுக்கு ரயில்களாகப் பிரித்துக் கம்பி தாழ்ந்த டிப்போக்களுக்கு அனுப்பலாம். ஒரு அடுக்கு ரயில் கிட்டத்தட்ட இரண்டு ஒற்றை ரயில். பிரிப்பதற்குக் கிரேன் வேலை கூடும், பெட்டிக்கு ஒரு தூக்கு அதிகம். ஆனாலும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு ஒரு இன்ஜின், ஒரு குழு மிச்சம் என்பதால் கட்டுப்படியாகிறது.

கம்பியைத் தொடாமலேயே பெட்டியைக் குட்டையாக்கியும் பார்த்தார்கள். 6 அடி 4 அங்குல உயரக் குள்ளப் பெட்டிகள். இரண்டை அடுக்கினாலும் சாதாரணக் கம்பியின்கீழ் நுழையும். 2018 ஜூலையில் ராஜ்கோட்டிலிருந்து இதே ரேவாரிக்கு முதல் ரயில் வந்தது. நல்ல யோசனை, ஆனால் கப்பலில் ஏறும் உலக அளவுப் பெட்டி இது இல்லை என்பதால் உள்நாட்டுச் சரக்குக்கு மட்டும் பயன்படும்.

வெள்ளி: தாத்ரி

ரேவாரியிலிருந்து தாத்ரி வரை சரக்குப் பாதையில் 127 கிலோமீட்டர். தில்லிக்குத் தெற்கே ஆரவல்லி மலையைச் சோனா அருகே ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் சுரங்கத்தில் குடைந்து, யமுனையைத் தாண்டி வருகிறது. அடுக்குக் கன்டெய்னரும் அதற்கு மேல் மின்கம்பியும் போகும் அளவுக்கு உயரமான சுரங்கம். பயணிகளுக்கு அனுமதி இல்லாத பாதை; சாலையில் சுற்றித்தான் வர வேண்டும். 2018 மே மாதம் திறந்த கிழக்குப் புறவழி விரைவுச்சாலை அதற்கு வசதி.

தாத்ரி டிப்போவில் ஒரே வளாகத்துக்குள் பல சரக்கு நிலையங்கள். புதிதாக வருபவர்களுக்குக் குழப்பமே இதில்தான். 'தாத்ரி' என்று மட்டும் தாளில் எழுதினால் போதாது. எந்த நிலையம் என்பதும் வேண்டும். தவறினால் பெட்டி அடுத்த மதிலுக்கு அந்தப் பக்கம் கிடந்தாலும் மாற்ற அனுமதி, கட்டணம், லாரி என்று ஒரு நாள் போய்விடும். நொய்டா, கிரேட்டர் நொய்டா, காசியாபாத் ஆலைகளுக்கு இதுதான் அருகில். துக்ளகாபாத்துக்குச் சரக்கு வரவழைத்து நகரைக் குறுக்கே கடப்பதைவிட இங்கே இறக்குவது எல்லா வகையிலும் மேல்.

அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி ரயில்களும் இந்தப் பக்கம்தான் வரும். தில்லி எல்லைக்குள் இருந்த பதர்பூர் நிலையம் 2018 அக்டோபரில் மூடப்பட்ட பிறகு நகருக்குள் அந்த ரயில்கள் நின்றன. நிலக்கரி வேகனில் இரண்டு ரகம். அடியில் கதவு திறந்து கொட்டும் ஹாப்பர் ஒன்று. வேகனையே கவிழ்த்துக் கொட்ட வேண்டிய பாக்ஸ்என் இன்னொன்று. மழைக்காலத்தில் ஹாப்பரின் சாய்ந்த பக்கங்களில் ஈர நிலக்கரி ஒட்டிக்கொள்ளும். முழுக்க விழவில்லை என்று தெரியாமல் கதவை மூடினால் காலி என்று எழுதிய வேகனில் பல டன் எடை திரும்பிப் போகும். வேகனில் எடைக்கு ஏற்றபடி பிரேக்கின் வலுவை மாற்ற ஒரு கைப்பிடி உண்டு. அது 'காலி' நிலையில் இருக்கும் வேகனில் எடை இருந்தால் பிரேக் போதாது. மாறாக, கைப்பிடி 'லோடு' நிலையிலேயே இருக்கக் காலி வேகன் ஓடினால் பிரேக் அளவுக்கு மீறிப் பிடித்துச் சக்கரம் சறுக்கும். சறுக்கிய இடம் தட்டையாகும். அடுத்த தடவை அந்த வேகன் போகும்போது டக் டக் என்று தண்டவாளத்தை அடித்துக்கொண்டே போவது பிளாட்ஃபாரத்தில் நிற்பவருக்குக் கேட்கும்.

தாத்ரியிலிருந்து குர்ஜாவுக்கு 46 கிலோமீட்டர் இணைப்பு. மேற்குச் சரக்குப் பாதையும் கிழக்குச் சரக்குப் பாதையும் அங்கே கைகோக்கின்றன. ஆனால் உயரம் ஒன்றல்ல. மேற்கில் ஏற்றிய சரக்கு 7.1 மீட்டர் உயரம் வரை இருக்கலாம், கிழக்கில் 5.1 மீட்டர்தான். முந்த்ராவிலிருந்து அடுக்காக வரும் கன்டெய்னர் கான்பூர் பக்கம் போக வேண்டுமானால் இங்கே பிரித்தே ஆக வேண்டும். கிழக்குப் பாதை நிலக்கரிக்காகவும் இரும்புக்காகவும் திட்டமிடப்பட்டது. அதற்கு உயரம் தேவைப்படவில்லை. ஆனால் பாலம், கம்பம், கம்பி எல்லாம் ஒருமுறை நட்டால் ஐம்பது ஆண்டு நிற்பவை. இரண்டையும் ஒரே உயரத்தில் கட்டியிருக்க வேண்டும் என்பதே எங்கள் கருத்து. கான்பூர்த் தோலும் மொராதாபாத் பித்தளையும் வாரணாசிப் பக்கத்துக் கம்பளமும் பெட்டிகளில்தான் ஏற்றுமதியாகின்றன.

தில்லி வட்டாரத்துக்குச் சரக்கு வரவழைப்பவர்கள் முடிவெடுக்க வேண்டிய வரிசை இது. முதலில் சரக்கு இறங்க வேண்டிய கிடங்கு எந்தப் பக்கம் என்று பாருங்கள்: கிழக்கு என்றால் தாத்ரி, மேற்கு என்றால் கர்ஹி ஹர்சரு அல்லது பாட்லி, தெற்குத் தில்லிக்குள்ளேயே என்றால் மட்டும் துக்ளகாபாத். அடுத்து, அந்த டிப்போவுக்கு உங்கள் துறைமுகத்திலிருந்து வாரத்தில் எத்தனை ரயில், அடுக்கா ஒற்றையா, வழியில் பிரிக்கிறார்களா என்று ரயில் நடத்துபவரிடம் கேளுங்கள். வழியில் பிரித்தால் அங்கே எத்தனை நாள் காத்திருக்கும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். பிறகுதான் கட்டணம். பெட்டி கிளம்பிய பின் அது எங்கே என்று அறிய ரயில் எண் தேவையில்லை. துறைமுகத்தில் பெட்டியில் மாட்டும் ஆர்.எஃப்.ஐ.டி. பட்டையை வாசித்துத் தகவல் சேர்க்கும் லாஜிஸ்டிக்ஸ் டேட்டா பேங்க் தளத்தில் பெட்டி எண்ணை, அந்தக் கட்ட இலக்கத்தையும் சேர்த்து, இட்டால் கடைசியாகப் பதிவான இடமும் நேரமும் வரும்.